"இறுக்கிச் சுற்றினால் ஜீன் அணையும்" – பாடப்புத்தகம் சொல்வது எவ்வளவு தூரம் சரி?

நூல்கண்டு (#1)
எம்எஸ்சி வகுப்புக்குக் குறிப்பு தயாராகிறது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே படம்: 2 நானோமீட்டர் டிஎன்ஏ, பிறகு 11 நானோமீட்டர் மணிமாலை, பிறகு 30 நானோமீட்டர் நார், 300, 700, கடைசியில் 1400 நானோமீட்டர் தடிமனில் எக்ஸ் வடிவக் குரோமோசோம். அடியில் ஒரு வரி: "தளர்ந்தது யூக்குரோமாட்டின், அங்கே ஜீன் வேலை செய்யும். இறுகியது ஹெட்டரோகுரோமாட்டின், அங்கே வேலை செய்யாது."

மூன்று கேள்வி. அந்த 30 நானோமீட்டர் நார் செல்லுக்குள் உண்மையிலேயே இருக்கிறதா? இறுக்கம் ஜீனை அணைக்கிறதா, அணைந்த ஜீன்தான் பிறகு இறுகுகிறதா? நியூக்ளியோசோம் (அந்த மணிமாலையின் ஒரு மணி, அதாவது ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றிய டிஎன்ஏ) இருப்பதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட, சாதாரணக் கல்லூரி லேபில் முடிகிற சோதனை ஏதாவது உண்டா?

எண்மர்_குழு (#2)
முதல்ல பாடப்புத்தகங்கள்ல வர்ற "2 மீட்டர் டிஎன்ஏ நூலை உட்கருவுக்குள்ள எப்படி அடைக்கிறது" கதையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. மனித செல்லுக்கு 640 கோடி இணை (டிஎன்ஏவுல எதிரெதிரா நிக்கிற எழுத்து ஜோடி), ஒவ்வொண்ணும் 0.34 நானோமீட்டர், மொத்தம் கிட்டத்தட்ட 2.2 மீட்டர். நீளம் பயமுறுத்தும். கன அளவு எவ்வளவு? 2 நானோமீட்டர் விட்டமுள்ள நூல்னு வச்சுக்கிட்டா சுமார் 7 கன மைக்ரோமீட்டர். 6 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சின்ன உட்கருவோட கன அளவே 113. 10 மைக்ரோமீட்டர்னா 520. அதாவது உட்கருவுல டிஎன்ஏ பிடிக்கிற இடம் நூத்துக்கு ஒண்ணுலேர்ந்து ஆறு பங்கு. இடப் பற்றாக்குறை கிடையாது.

உண்மையான சிக்கல் ரெண்டு. ஒண்ணு மின்சுமை: ஒவ்வொரு இணைக்கும் ரெண்டு எதிர்மின் பாஸ்பேட், எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளும். ரெண்டாவது விறைப்பு: டிஎன்ஏ சுமார் 50 நானோமீட்டர், அதாவது 150 இணை நீளம் வரைக்கும் குச்சி மாதிரி நேரா நிக்கப் பார்க்கும். அந்தக் குச்சியைத்தான் ஹிஸ்டோன் எண்மர் (எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொண்ணும் ரெண்டு) மேல 147 இணைக்கு 1.65 சுத்து, இடப்பக்கச் சுருளா வளைச்சு வச்சிருக்கு. 1997-ல 2.8 ஆங்ஸ்ட்ரோம் தெளிவில் வந்த படிகக் கட்டமைப்பைப் பார்த்தா பிடிப்பு 14 இடத்துல இருக்கு, சுமார் 10 இணைக்கு ஒண்ணு. ஒவ்வொரு பிடியும் லேசானதுதான். பதினாலும் சேர்ந்தாதான் நிக்கும்.

செயலோட சங்கதி இங்கதான் ஆரம்பிக்குது. ரெண்டு ஓரத்திலும் உள்ள பிடிகள் அடிக்கடி விடுபட்டு மறுபடி ஒட்டும். அதனால நியூக்ளியோசோம் ஓரத்துல விழுந்த பிணைப்பிடத்தைப் படியெடுப்புக் காரணிகள் (ஜீன்லேர்ந்து ஆர்என்ஏ படியெடுக்கிறதை ஏத்தி இறக்குற புரதங்கள்) எட்டிப் பிடிச்சிடும். நடுவுல விழுந்தா கஷ்டம். அதே டிஎன்ஏ, அதே இறுக்கம். நியூக்ளியோசோம் 30 இணை நகர்ந்தா போதும், ஒரு புரோமோட்டர் (படியெடுப்பு தொடங்குற இடம்) திறந்ததாகவோ மூடினதாகவோ ஆயிடும். மனித செல்லுல இப்படி 3 கோடிக்கு மேல நியூக்ளியோசோம். "இறுக்கம்"ங்கிற ஒரே சொல் இதையெல்லாம் மூடி மறைக்குது.

மின்துகள் (#3)
30 நானோமீட்டர் நார் குறித்து. அது கற்பனை அல்ல. ஆனால் பெரும்பாலும் சோதனைக்குழாயின் விளைவு. குறைந்த உப்பில் பிரித்தெடுத்த குரோமாட்டினை (டிஎன்ஏவும் அதன் புரதங்களும் சேர்ந்தது) ஓரிரு மில்லிமோலார் மெக்னீசியத்தில் வைத்தால் 30 நானோமீட்டர் தடிமனில் சுருளும். 1976-ல் வந்த சொலினாய்டு மாதிரி (நார் கம்பிச்சுருள் போல இருக்கும் என்ற கருத்து) அங்கிருந்து பிறந்ததுதான். அந்த நிலையில் நார்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதால், ஒவ்வொரு நியூக்ளியோசோமும் தன் நாரிலுள்ள அண்டை நியூக்ளியோசோமோடு மட்டுமே ஒட்ட முடியும். செல்லுக்குள் நிலைமை வேறு. அடர்த்தி அதிகம், பக்கத்து நாரின் நியூக்ளியோசோமும் அதே தூரத்தில் இருக்கும், ஒழுங்கான சுருள் உருவாக வழியே இல்லை.

செல்லை வேதிப்பொருளால் பதப்படுத்தாமல் உறையவைத்து மெல்லியதாகச் சீவிப் பார்த்த ஆய்வு (2008) பிரியும் செல்லின் குரோமோசோமிலும் 30 நானோமீட்டர் அமைப்பைக் காணவில்லை. எக்ஸ்-கதிர்ச் சிதறலில் மட்டும் பல வருடங்களாக ஒரு 30 நானோமீட்டர் முகடு வந்துகொண்டிருந்தது. 2012-ல் அதன் மர்மம் உடைந்தது: குரோமோசோம்களின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த ரைபோசோம்கள். அவற்றைக் கழுவியதும் முகடு மறைந்துவிட்டது. 2017-ல் டிஎன்ஏவின் மேல் மட்டும் ஆஸ்மியம் படியும்படி சாயமேற்றி முப்பரிமாணத்தில் பார்த்தபோது, கிடைத்த இழைகள் 5 முதல் 24 நானோமீட்டர் வரை ஒழுங்கற்ற தடிமன் கொண்டவை. பிரியும் குரோமோசோமிலும் அதே இழைதான், நெருக்கம் மட்டும் கூடுதல்.

விதிவிலக்குகளும் உண்டு: கோழியின் சிவப்பணு, நட்சத்திரமீனின் விந்தணு. அங்கே 30 நானோமீட்டர் நார் பார்க்கக் கிடைக்கிறது. இரண்டுமே படியெடுப்பைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்ட செல்கள். ஆகவே படத்தில் 30-ஐ அடித்துவிடாதீர்கள், "சில செல்களில்" என்று எழுதுங்கள். 300, 700 என்ற படிகளைத் தாராளமாக அடித்துவிடலாம்.

பைப்பெட் (#4)
கண்ணால காட்ட எம்என்ஏஸ் (மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ், டிஎன்ஏவை வெட்டுற என்சைம்) ஏணிதான். நியூக்ளியோசோம்களுக்கு நடுவுல அது வெட்டுறதால துண்டுகள் ஜெல்ல ஏணிப்படி மாதிரி நிக்கும். 70-கள்ல நியூக்ளியோசோம் கருத்து நிலைச்சதே இந்த ஏணியை வச்சுத்தான். செலவும் கம்மி. கறிக்கடைக் கோழி ரத்தம் போதும், ஏன்னா கோழிச் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. 1 மி.லி. ரத்தத்துல சுமார் 250 கோடி செல், செல்லுக்கு 2.5 பிக்கோகிராம் டிஎன்ஏ, ஆக 6 மில்லிகிராம். ஒரு வகுப்புக்குத் தாராளம்.

ஹெப்பாரின் இல்லேன்னா சிட்ரேட் போட்ட குழாயில ரத்தம், உடனே ஐஸ். குளிர்ந்த பிபிஎஸ்ல மூணு தடவை கழுவணும், 800 ஜி, 5 நிமிஷம். மேல படியுற வெள்ளைப் படலத்தை உறிஞ்சி எறிஞ்சிடுங்க. செல்லை உடைக்கிற பஃபர்: டிரிஸ் 10 மில்லிமோலார் (பிஎச் 7.4), சோடியம் குளோரைடு 10, மெக்னீசியம் குளோரைடு 3, என்பி-40 0.5 சதவீதம், போடறதுக்குச் சற்று முன்னாடி பிஎம்எஸ்எஃப் 0.5 மில்லிமோலார். ஐஸ்ல 5 நிமிஷம், 1500 ஜி-யில சுத்தி, பெல்லட் வெள்ளையாகிற வரைக்கும் திரும்பச் செய்யணும். சிவப்பு இருந்தா ஹீமோகுளோபின் போகல.

அளக்கிறது: 10 மைக்ரோலிட்டர் உட்கருவை 990 மைக்ரோலிட்டர் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல கரைச்சு 260 நானோமீட்டர் ஒளியில உறிஞ்சலைப் படிங்க. 0.2 வந்தா தோராயமா மில்லிக்கு 1 மி.கி. டிஎன்ஏ. என்பி-40 இல்லாத அதே பஃபர்ல அந்த அளவுக்குக் கொண்டு வந்து, கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார் ஆகுற மாதிரி சேருங்க. கால்சியம் இல்லாம இந்த என்சைம் அசையாது. 50 மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு என்சைம் 0, 0.3, 1, 3, 10 யூனிட்னு அஞ்சு குழாய், 37 டிகிரி, 5 நிமிஷம். ஈடிடிஏ 10 மில்லிமோலார் போட்டு ஐஸ்ல நிறுத்திடுங்க. எஸ்டிஎஸ் 1 சதவீதம், புரோட்டினேஸ்-கே 0.2 மி.கி./மி.லி., 55 டிகிரியில ஒரு மணி நேரம், ஃபீனால்-குளோரோஃபார்ம், எத்தனால், 1.8 சதவீத அகரோஸ்.

யூனிட் விஷயத்துல எல்லாரும் ஒரு தடவை மாட்டுவாங்க. சில கம்பெனி குனிட்ஸ் யூனிட், சில கம்பெனி ஜெல் யூனிட். ரெண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். நான் சொன்னது குனிட்ஸ். எதுவா இருந்தாலும் அளவை வரிசையா ஏத்திப் போட்டுப் பாக்காம ஒரே குழாயில செய்யாதீங்க.

வல்லை_வெளி (#5)
இரத்தத்தை ஈடிடிஏ குப்பியில எடுத்தால் பிழைக்குமோ? இஞ்ச அதுதான் லேசாக் கிடைக்குது. மற்றது, ஏணி வராமல் முழுக்கப் பூசின மாதிரி வந்தால் எங்க பிழை எண்டு பார்க்கிறது?

பைப்பெட் (#6)
எடுக்கலாம், ஆனா கழுவுறதுல சோம்பல் கூடாது. 1 மில்லிமோலார் ஈடிடிஏ மிச்சம் நின்னாலே 1 மில்லிமோலார் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அஞ்சு குழாயும் வெட்டாத டிஎன்ஏவா மாதிரி போடுற ஜெல் குழிக்குப் பக்கத்துலயே நிக்கும். அப்படி வந்தா என்சைமைத் திட்டுறதுக்கு முன்னாடி ஈடிடிஏவைச் சந்தேகப்படுங்க.

பூசின மாதிரி வந்தா மூணு இடத்தைப் பாருங்க. (அ) என்சைம் போடாத குழாயிலயே பூச்சு இருக்கா? அப்போ செல்லோட சொந்த நியூக்ளியேஸ் அல்லது பழைய ரத்தம். அதுக்குத்தான் பூஜ்யக் குழாய் ரெண்டு வேணும், ஒண்ணு ஐஸ்ல, ஒண்ணு 37 டிகிரியில கால்சியத்தோட. (ஆ) பெல்லட் கோந்து மாதிரி இழுக்குதா? உட்கரு உடைஞ்சு குரோமாட்டின் வெளியே கொட்டிடுச்சு. மெக்னீசியம் மறந்திருக்கும், இல்லேன்னா வோர்டெக்ஸ் பண்ணியிருப்பாங்க. அகல வாய் டிப்புல மெதுவா ஏத்தி இறக்கணும். (இ) பூச்சு 100 இணைக்குக் கீழ மட்டும்னா அது ஆர்என்ஏ. கோழிச் சிவப்பணுவுல குறைவு, ஈரல் உட்கருவுல அதிகம். ஆர்என்ஏஸ்-ஏ போட்டா போயிடும்.

எல்லாமே 147-க்குக் கீழ ஒரே பட்டையா வந்தா வெட்டு அதிகமாயிடுச்சு. இந்த என்சைம் நடுவுல வெட்டுறதோட நிக்காது, வெட்டின முனையைக் கொறிச்சுக்கிட்டே போகும்.

எண்மர்_குழு (#7)
அந்தக் கொறிக்கிற குணத்தால ஒரு கணக்குப் பிழை வழக்கமா வரும். "முதல் பட்டை 160, ஆகவே நியூக்ளியோசோம் இடைவெளி 160"னு பிள்ளைங்க எழுதிடுவாங்க. தப்பு. முனை கொறிபட்டதால எல்லாப் பட்டையும் சேர்ந்தாப்ல குட்டையாகும், இடைவெளி மட்டும் மாறாது. பட்டை எண்ணை (1, 2, 3, 4) கிடைக்கோட்டுலயும் நீளத்தை நெட்டுக்கோட்டுலயும் வச்சுக் கோடு போடுங்க, சாய்வுதான் விடை. உதாரணத்துக்கு 170, 380, 590 வந்தா சாய்வு 210. கோழிச் சிவப்பணுவுக்கு 210-ஐ ஒட்டி வரணும். ஈஸ்ட்டுக்கு 165, பெரும்பாலான மனித செல்லுக்கு 190 பக்கம், கடல்முள்ளெலி விந்தணுவுக்கு 240. எல்லாத்துலயும் 147 பொதுதான். மாறுறது இடையில உள்ள இணைப்பு நீளம், கூடவே அதைப் பிடிக்கிற எச்1 ஹிஸ்டோன் வகை (கோழிச் சிவப்பணுவுல எச்5). ஒரே செய்முறையில "மாறாதது எது, மாறுவது எது"ன்னு காட்டிடலாம்.

நூல்கண்டு (#8)
அருமை, ஏணி முடிவாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு வருவோம். இறுக்கம் காரணமா, விளைவா?

எண்மர்_குழு (#9)
நியூக்ளியோசோம் மட்டத்துல காரணம்னு அடிச்சுச் சொல்லலாம். ஈஸ்ட்டோட பிஎச்ஓ5 ஜீனைப் பாருங்க. பாஸ்பேட் தாராளமா இருக்கும்போது அதன் புரோமோட்டர் மேல நாலு நியூக்ளியோசோம் இடம் பிசகாம உக்காந்திருக்கும். ஊக்கும் புரதமான பிஎச்ஓ4-க்கு ரெண்டு பிணைப்பிடம்: ஒண்ணு ரெண்டு நியூக்ளியோசோமுக்கு நடுவுல உள்ள சந்துல வெளிய தெரியும், இன்னொண்ணு நியூக்ளியோசோமுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். பாஸ்பேட் தீர்ந்ததும் பிஎச்ஓ4 சந்துல கால் வச்சு, நியூக்ளியோசோமை நகர்த்தும் புரத இயந்திரங்களைக் கூப்பிட்டு, நாலையும் கிளப்பிவிடும்.

இதுவரைக்கும் பார்த்தா விளைவுன்னும் வாதாடலாம். ஆனா 1988-ல ஈஸ்ட்ல எச்4 தயாரிப்பையே நிறுத்திப் பார்த்தாங்க. பாஸ்பேட் நிறைய இருக்கும்போதே பிஎச்ஓ5 எரிய ஆரம்பிச்சது. ஊக்கும் சைகை இல்லை, மூடியை எடுத்தது மட்டும்தான். இதைவிட நேரடியான சான்று கேட்க முடியாது.

வரைபடக்காரர் (#10)
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மேலே ஏற ஏற அந்த உறுதி கரைகிறது. ஹெட்டரோகுரோமாட்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். பழ ஈயின் வெள்ளைக்கண் ஜீன், குரோமோசோம் தலைகீழாகித் திரும்பியதால் ஹெட்டரோகுரோமாட்டின் பக்கம் போய் விழுந்தால் கண் புள்ளி புள்ளியாகும். 1930-லேயே தெரிந்த சேதி. பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதே ஈயில் "லைட்" என்ற ஜீன் ஹெட்டரோகுரோமாட்டினுக்குள்ளேயே குடியிருந்து ஒழுங்காக வேலை செய்கிறது. அதைத் தூக்கி யூக்குரோமாட்டின் பக்கத்தில் வைத்தால்தான் கோளாறு! இறுக்கம் பொது எதிரி என்றால் இது நடக்கவே கூடாது. அந்த ஜீன் அந்தச் சூழலுக்குப் பழகியது, அவ்வளவுதான்.

அதற்கும் மேலே, டேட் எனப்படும் தொடர்பு வட்டாரங்கள். 2012-ல் ஹை-சி (உட்கருவுக்குள் டிஎன்ஏவின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று கணக்கெடுக்கும் முறை) வரைபடங்களில் தெரிந்தவை. லட்சக்கணக்கான இணைகள் கொண்ட ஒரு துண்டு தனக்குள்ளேயே அதிகம் தொட்டுக்கொள்ளும், எல்லை தாண்டித் தொடுவது குறைவு. பல எல்லைகளில் சிடிசிஎஃப் புரதம் இருக்கும். கொஹீசின் என்ற வளையப் புரதம் டிஎன்ஏவைக் கண்ணியாக இழுத்துக்கொண்டே வந்து, தன்னை நோக்கித் திரும்பி நிற்கும் சிடிசிஎஃப்-இடம் நிற்கும். கண்ணியின் இரு கால்களிலும் உள்ள சிடிசிஎஃப் குறிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பது 2014 வரைபடத்தில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல். "எல்லைதான் ஜீன்களைப் பாதுகாக்கிறது" என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்தது.

பிறகு 2017-ல் எலியின் கருமூலச் செல்களில் சிடிசிஎஃப்-ஐ மருந்து கொடுத்து அழித்தார்கள். எல்லைகள் மங்கின. முதல் நாளில் மாறிய ஜீன்கள் சில நூறு மட்டுமே. அதே வருடம் மனிதக் குடல் புற்றுச் செல்லில் கொஹீசினின் ஓர் உறுப்பை அழித்தார்கள். கண்ணிகள் அத்தனையும் போயின. சில மணி நேரத்தில் படியெடுப்பு பெரிதாக மாறிய ஜீன்கள் கைவிரல் விட்டு எண்ண முடியாவிட்டாலும், மிகக் குறைவு. குரோமோசோம்கள் ஏகப்பட்ட இடத்தில் வெட்டித் திருப்பப்பட்ட ஈக்களிலும் (2019) பெரும்பாலான ஜீன்கள் அசைந்து கொடுக்கவில்லை.

ஈஸ்ட்வாசி (#11)
வரைபடக்காரர் பக்கம் இன்னொரு கல். 2018-ல ஈஸ்ட்டோட 16 குரோமோசோமையும் முனையோடு முனை ஒட்டி ஒரே குரோமோசோம் ஆக்கினாங்க. 15 சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடிச்சு இழுக்கிற இடம்), 30 டெலோமியர் (குரோமோசோம் முனை) வெட்டி எடுத்தாச்சு. சென்ட்ரோமியர் எல்லாம் ஒரு மூலையில கொத்தா நிக்கிற வழக்கமான முப்பரிமாண ஏற்பாடு தலைகீழாச்சு. செல் கிட்டத்தட்ட வழக்கம்போல வளர்ந்தது, ஜீன்களும் சொற்பமாத்தான் மாறின. போட்டியில விட்டா கொஞ்சம் பின்தங்குது, ஸ்போர் உண்டாக்குறதுல சுணக்கம், அவ்வளவே.

இயற்கையே செஞ்ச சோதனையும் இருக்கு: நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் கேளையாடு. பெட்டைக்கு 6 குரோமோசோம், கடாவுக்கு 7. அதன் உறவான சீனக் கேளையாட்டுக்கு 46! ஒட்டி ஒட்டிக் குறைஞ்சதுதான். எதிரெதிரே நிறுத்தினா ரெண்டும் அதே சாயல் மான்தான்.

எண்மர்_குழு (#12)
ஈஸ்ட்டை இதுல சாட்சிக்கு இழுக்கிறது சரியில்ல, தம்பி. ஈஸ்ட் ஜீனோட சுவிட்ச் புரோமோட்டருக்குச் சில நூறு இணைக்குள்ளேயே இருக்கும். குரோமோசோம் எப்படி மடிஞ்சா அதுக்கென்ன? கேளையாட்டுலயும் ஒட்டினது முனையும் சென்ட்ரோமியரும்தான், ஜீனும் அதன் சுவிட்சும் பிரியல. பாலூட்டியில என்ஹான்சர் (தூரத்துலேர்ந்து ஜீனை ஏத்துற டிஎன்ஏ துண்டு) பத்து லட்சம் இணை தள்ளி இருந்தா நிலைமை வேற.

அதுக்கு நல்ல உதாரணம் எஸ்ஹெச்ஹெச் ஜீன். கை கால் மொட்டுல இதை ஏத்துற இசட்ஆர்எஸ் என்ஹான்சர் மனிதர்ல சுமார் 10 லட்சம் இணை தள்ளி, வேற ஒரு ஜீனோட இன்ட்ரானுக்குள்ள (புரதமாகாத இடைத்துண்டு) உக்காந்திருக்கு. அதுல ஒரே எழுத்து மாறினாலும் ஆறு விரல் வரலாம். எலியில இந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிற சிடிசிஎஃப் இடத்தை நீக்கினாங்க (2019). எஸ்ஹெச்ஹெச் அளவு பாதியாச்சு, ஆனா விரல்கள் சரியா வந்தது. "பார்த்தீங்களா, கட்டமைப்பு முக்கியமில்லை"ன்னு இங்க நிறுத்தியிருக்கலாம். அவங்க நிறுத்தல. ஏற்கனவே கொஞ்சம் பலவீனமான இசட்ஆர்எஸ்-ஸோட இதையும் சேர்த்தாங்க. விரல்களே உருவாகாம போச்சு.

என் வாதம் இதுதான்: எல்லையும் கண்ணியும் சுவிட்ச் இல்ல, உத்தரவாதம். என்ஹான்சர் பலமா இருந்தா உத்தரவாதம் இல்லாமலே ஓடும். இழுபறியா இருக்கிற இடத்துல உத்தரவாதம் போனா விழுந்திடும். சிடிசிஎஃப்-ஐ அழிச்ச சோதனையெல்லாம் தட்டுல வளர்ந்த, ஏற்கனவே தன் ஜீன்களை ஏத்தி வச்சிருக்கிற செல்லுல ஒண்ணு ரெண்டு நாள் நடந்தது. புதுசா ஒரு ஜீனை, சரியான நாள்ல, சரியான இடத்துல ஏத்த வேண்டிய கருவுல கேள்வியே வேற.

வரைபடக்காரர் (#13)
உத்தரவாதம் என்ற சொல்லை ஏற்கிறேன். மனிதரில் அதற்குச் சாட்சி ஈபிஎச்ஏ4 வட்டாரம் (2015). அந்த ஜீனோடு சேர்த்து வட்டாரத்தின் எல்லையும் அழிந்த குடும்பங்களில், கை மொட்டுக்கான என்ஹான்சர்கள் அடுத்த வட்டாரத்தின் பிஏஎக்ஸ்3 ஜீனைத் தொட்டு, விரல்கள் குட்டையாகின. எலியில் கிட்டத்தட்ட அதே துண்டை வெட்டினாலும், எல்லையை மட்டும் விட்டுவைத்தால் கோளாறு வரவில்லை. ஆனால் கவனியுங்கள், இங்கே நடந்தது ஜீன் அணைவது அல்ல. தப்பான ஜீன் எரிவது. "இறுக்கம் = அணைப்பு" என்ற வாய்ப்பாட்டில் இதற்கு இடமே இல்லை.

ஹை-சி படத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அது பல லட்சம் செல்களின் சராசரி. பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் கண்ணி எப்போதும் மூடியே இருக்கிறது என்று நினைப்போம். எலியின் எஃப்பிஎன்2 வட்டாரத்தை உயிருள்ள செல்லில் படம் பிடித்ததில் (2022), முழுக் கண்ணியாக மூடியிருந்தது மொத்த நேரத்தில் 3 முதல் 6 சதவீதம். மூடினால் 10 முதல் 30 நிமிடம் நிற்கும். மீதி நேரமெல்லாம் பாதி இழுத்த நிலை. ஸ்லைடில் அழகான வளையம் வரைபவர்கள் இதை ஓரத்திலாவது எழுத வேண்டும்.

பைப்பெட் (#14)
ஹை-சி பேச்சு வந்ததால, பணத்தைக் கரைக்கிற இடங்களை மட்டும் சொல்லிடறேன். 20 முதல் 50 லட்சம் செல், 1 சதவீத ஃபார்மால்டிஹைடு, 10 நிமிஷம், கிளைசின் போட்டு நிறுத்தம். பழைய பாட்டில் ஃபார்மால்டிஹைடு வேண்டாம். மெத்தனால் இல்லாத ஆம்ப்யூல் உடைச்சதும் பயன்படுத்தணும். உட்கருவை 0.5 சதவீத எஸ்டிஎஸ்ல 62 டிகிரி, 5 முதல் 10 நிமிஷம் வைக்கிறோமே, அது டிஎன்ஏவை வெட்டு என்சைமுக்குத் திறந்து விட. உடனே டிரைட்டான் போட்டு எஸ்டிஎஸ்ஸை அடக்கணும். மறந்தா வெட்டு என்சைமான எம்பிஓ1 செத்துடும், வெட்டே நடக்காது. வெட்டின முனையில பயோட்டின் நிரப்பி, உட்கரு உடையாமலே ஒட்டு. உட்கரு உடைஞ்சா சம்பந்தமில்லாத துண்டுகள் கரைசல்ல மிதந்து ஒட்டிக்கும், வேற வேற குரோமோசோம் தொடர்பு எகிறும்.

சீக்வென்சிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. வெட்டின மாதிரி, ஒட்டின மாதிரி ரெண்டையும் ஜெல்ல பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க. வெட்டினது கீழ பூச்சா, ஒட்டினது மேல ஏறி நிக்கணும். அடுத்தது, நிரப்பி ஒட்டின சந்திப்புல ஜிஏடிசி-ஜிஏடிசின்னு ரெட்டை வரிசை வரும், அதுக்குள்ள சிஎல்ஏ1-ங்கிற இன்னொரு என்சைம் வெட்டுற இடம் தானா உண்டாகும். பெருக்கின லைப்ரரியை (சீக்வென்சிங்குக்குத் தயாரான துண்டுகள்) சிஎல்ஏ1 போட்டுப் பாருங்க, துண்டு குட்டையாகலேன்னா பயோட்டின் நிரப்புறது நடக்கல. வெளியே அனுப்பி லட்சம் ரூபா போன பிறகு தெரியறதைவிட இது மேல். முதல்ல சில பத்து லட்சம் ரீட் மட்டும் படிச்சு, ஒரே குரோமோசோம்ல 20 ஆயிரம் இணைக்கு அப்பால உள்ள தொடர்பு 40 சதவீதமாவது இருக்கான்னு பார்த்துட்டு ஆழமா போங்க.

பட்டை_எண்ணி (#15)
மருத்துவக் கோணத்திலிருந்து ஓர் உதாரணம். இறுக்கம் பற்றிய இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடையாது என்பது என் எண்ணம்.

4-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தின் நுனியில் (4கியூ35) டி4இசட்4 என்ற 3.3 கிலோ இணைத் துண்டு அடுக்கடுக்காகத் திரும்ப வரும். நோயில்லாதவர்களிடம் 11 முதல் 100 வரை, சிலரிடம் அதற்கும் மேல். 10 அல்லது அதற்குக் குறைந்தால் முகம், தோள், மேல்கைத் தசைகள் தேயும் எஃப்எஸ்ஹெச்டி வரக்கூடும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் டியூஎக்ஸ்4 என்ற ஜீன் இருக்கிறது. கருவின் ஆரம்ப நாட்களில் வேலை செய்துவிட்டுத் தசையில் அணைந்து கிடக்க வேண்டியது. அடுக்கு நீளமாக இருக்கும்போது மெத்திலேற்றத்தோடு (டிஎன்ஏ மேல் ஏறும் மெத்தில் குறி) அடைபட்டுக் கிடக்கும். குட்டையானால் அடைப்பு தளர்ந்து, தசைக்கு நஞ்சான புரதம் கசியும்.

இதுவரை பாடப்புத்தக வரி சரியாகப் பொருந்துவது போல் இருக்கும். இப்போது மூன்று முரண்களைப் பாருங்கள். அடுக்கு முழுவதுமாக இல்லாதவருக்கு இந்த நோய் வருவதில்லை; ஒரு துண்டாவது வேண்டும், டியூஎக்ஸ்4 அதில்தானே இருக்கிறது. அடுக்கு குட்டையானாலும், அதற்கு அப்பால் 4கியூஏ வகை வரிசை இல்லையென்றால் நோய் இல்லை. அந்த வரிசையில்தான் ஆர்என்ஏவுக்கு வால் கட்டும் குறி இருக்கிறது, வால் இல்லாத ஆர்என்ஏ நிலைக்காது. 10-ஆம் குரோமோசோமிலும் கிட்டத்தட்ட இதே அடுக்கு உண்டு, அங்கே எவ்வளவு குட்டையானாலும் ஒன்றும் ஆவதில்லை, காரணம் அதே வால். கட்டமைப்பு கதவைத் திறக்கலாம்; வெளியே வர வரிசையும் ஒத்துழைக்க வேண்டும். அடுக்கு அவ்வளவாகக் குட்டையாகாமலேயே எஸ்எம்சிஹெச்டி1 புரதம் கெட்டாலும் இதே நோய் வரும். அந்தப் புரதம்தான் பெண்களின் ஒரு எக்ஸ் குரோமோசோமை அமைதியாக வைத்திருப்பதிலும் கை கொடுக்கிறது.

இதைச் சாதாரணக் கேரியோடைப்பில் (குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) தேடுகிறவர்களும் உண்டு. கிடைக்காது. ஜீ-பட்டையில் ஒரு பட்டை என்பதே பல பத்து லட்சம் இணை; இங்கே பேசுவது ஈகோஆர்1 என்சைம் வெட்டிய, 38 கிலோ இணைக்குக் குறைந்த துண்டை. 10-ஆம் குரோமோசோமின் அடுக்கைப் பிரித்தறிய பிஎல்என்1 என்சைமும் சேர்த்து வெட்ட வேண்டும். துண்டு பெரியது என்பதால் வழக்கமாக டிஎன்ஏ பிரிக்கும்போதே உடைந்துவிடும். செல்களை அகரோஸ் கட்டிக்குள் வைத்து அங்கேயே புரதம் கரைத்து, அங்கேயே வெட்டி, துடிப்பு மின்புல ஜெல்லில் ஓட்ட வேண்டும்.

நூல்கண்டு (#16)
ஸ்லைடின் அடிவரியை இப்படி மாற்றியாயிற்று: "நியூக்ளியோசோம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது ஜீனை நேரடியாகத் தடுக்கும், பெரிய மடிப்புகள் எந்த என்ஹான்சர் எந்த ஜீனைத் தொடும் என்ற வாய்ப்பை மாற்றும்." பக்கத்தில் பிஎச்ஓ5, லைட், எஸ்ஹெச்ஹெச், டி4இசட்4 நான்கும். 30 நானோமீட்டருக்கு அருகில் "சில செல்களில்".

மின்துகள் (#17)
"வாய்ப்பை மாற்றும்" சரி. ஆனால் படத்தில் எக்ஸ் வடிவக் குரோமோசோமிலிருந்து மணிமாலைக்கு அம்புக்குறி போட்டிருந்தால், அது செல் பிரியும் நேரத்து நிலை என்று எழுதிவிடுங்கள். படியெடுப்பு நடப்பது மற்ற நேரத்தில். அப்போது எக்ஸ் கிடையாது. ஒவ்வொரு குரோமோசோமும் உட்கருவில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துப் பரந்து கிடக்கும். மனிதரில் ஜீன் குறைந்த 18-ஆம் குரோமோசோம் ஓரமாக, ஜீன் நிறைந்த 19-ஆம் குரோமோசோம் நடுவாக.

பைப்பெட் (#18)
ஏணிக்கு ஒரு கடைசி விஷயம். லோடிங் டையில புரோமோஃபீனால் ப்ளூ போடாதீங்க. 1.8 சதவீத ஜெல்ல அது சரியா 150 இணைக்குப் பக்கத்துல ஓடும், ஒற்றை நியூக்ளியோசோம் பட்டை அதோட நிழல்ல மறைஞ்சிடும். ஆரஞ்சு-ஜி போட்டா முன்னாடி ஓடிடும். அளவுக்கோல் 100 இணை ஏணியை ரெண்டு ஓரத்துலயும் போடுங்க. ஜெல் சிரிச்ச மாதிரி வளைஞ்சா ஒரு பக்கக் கோலை வச்சு அளந்த சாய்வு 10, 15 இணை தப்பா வரும்.